படத்தின் அளவும் பொதுவின் தரமும்: இணையப் படங்கள் திரைக்கேற்ப நெகிழ்ந்த வரலாறு (1993 – 2016)

முன்னுரை

இணையப் பக்கத்தில் எழுத்துக்கு ஓர் இயல்பு உண்டு. திரை அகன்றிருப்பின் வரி நீளும். திரை குறுகின் வரி மடிந்து கீழிறங்கும். எழுத்தின் அளவு குன்றாமலே பக்கம் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்ளும். படத்திற்கு இவ்வியல்பு இல்லை. ‘பிக்சல்’ எனப்படும் படப்புள்ளிகள் குறிப்பிட்ட அகலத்திலும் உயரத்திலும் அடுக்கப்பட்ட செவ்வகமே இணையப் படம். அதனைச் சுருக்கலாம், விரிக்கலாம், வெட்டலாம்; ஆயின் ஒவ்வொரு செயலிலும் ஏதேனும் ஒன்றை இழக்க நேரும். சுருக்கினால் படத்திலுள்ள முகம் புலப்படாது போகும். விரித்தால் தெளிவு கெடும். வெட்டினால் பொருளே மாறிவிடக் கூடும்.

இச்சிக்கலுக்கு இரு வேறு தீர்வுகள் ஏறத்தாழ ஒரே காலப்பகுதியில் தோன்றின. ஒன்று, 2007ஆம் ஆண்டில் கணினி வரைகலை ஆய்வாளர் இருவர் வெளியிட்ட ‘சீம் கார்விங்’ என்னும் முறை. படத்தின் உள்ளடக்கத்தை ஆராய்ந்து, முக்கியமற்ற பகுதிகளை மட்டும் நீக்கிப் படத்தைக் குறுக்கும் நுட்பம் அது. மற்றொன்று, 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் இணைய வடிவமைப்பாளர்கள் போராடிப் பெற்ற மிக எளிய ஏற்பாடு. ஒரே படத்தின் பல அளவுகளை அணியப்படுத்தி வைத்து, அவற்றுள் பொருத்தமானதை உலாவியே தேர்ந்துகொள்ளச் செய்வது அதன் சாரம். முன்னது அறிவுநுட்பத்தில் மேம்பட்டது. எனினும் இணையத்தின் பொதுத் தரங்களுள் அது இடம்பெறவில்லை. பின்னது எளியது, இன்று உலகின் முதன்மை உலாவிகள் அனைத்தும் அதனைப் பின்பற்றுகின்றன.

இவ்வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் வினா. ஒரு நுட்பம் பொதுத் தரமாக உயர்வதற்கு அதன் கூர்மை மட்டும் போதுவதில்லை. அதன்மீது யாருக்கு உரிமை உள்ளது, அது யாருடைய செலவைக் குறைக்கின்றது, அதன் பயனை யார் முடிவு செய்கின்றனர், அதனை நிறைவேற்றும் உழைப்பை யார் தருகின்றனர் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கிடைத்தாக வேண்டும். இதுவே நாம் இங்கு நிறுவ முனையும் கருத்தாகும்.

படம் பக்கத்தினுள் நுழைந்த முறை

தொடக்கத்தில் இணையம் எழுத்தாலானது. அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய மீத்திறன் கணினிப் பயன்பாட்டு மையத்தில் ‘மொசைக்’ உலாவியை உருவாக்கிக்கொண்டிருந்த மார்க் ஆண்ட்ரீசன், 1993ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், பக்கத்தினுள் படத்தைப் பதிப்பதற்கென ‘இமேஜ்’ என்னும் ஒரு குறியை முன்மொழிந்தார். படம் இருக்கும் முகவரி ஒன்றே அக்குறிக்குப் போதுமானதாக இருந்தது.

இம்முன்மொழிவை அனைவரும் உடனே ஏற்றுவிடவில்லை. படத்திற்கு மட்டும் பயன்படும் தனிக் குறியைவிட எவ்வகைக் கோப்பையும் உட்பதிக்கவல்ல பொதுக் குறியே நன்று எனச் சிலர் கருதினர். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, ஏற்கெனவே இருந்த இணைப்புக் குறியையே விரிவுபடுத்தலாம் என்றார். எனினும், விவாதம் முடிவுறும் முன்னரே மொசைக் அக்குறியுடன் வெளிவந்தது. பயனாளர்களும் அதனைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டனர். 1995ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 வரையறை, நடைமுறையில் நிலைபெற்றுவிட்ட அக்குறியை ஏற்றுக்கொண்டது. படத்தின் அகலத்தையும் உயரத்தையும் குறிக்கும் பண்புகள் 1997ஆம் ஆண்டு சனவரியில் வெளியான எச்.டி.எம்.எல். 3.2 பரிந்துரையில் இடம்பெற்றன.

இத்தொடக்கத்திலிருந்து இரு செய்திகளை நாம் மனங்கொள்ள வேண்டும். முதலாவது, ஒரு குறிக்கு ஒரு முகவரி, ஒரு முகவரிக்கு ஒரு படம் என்னும் அமைப்பு அன்றே நிலைபெற்றுவிட்டது. எல்லாரும் ஏறத்தாழ ஒரே அளவுத் திரைகளைப் பயன்படுத்திய காலத்தில் அதனால் இடர் விளையவில்லை. இரண்டாவது, இணையத் தரங்களின் வரலாற்றில் இயங்கும் நிரலே பலகாலும் சொல்லை முந்தியிருக்கின்றது. இவ்விரு செய்திகளும் இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் மீண்டும் எதிர்ப்படுவதைக் காண்போம்.

உரிமை பற்றிய முதற்பாடம்

படங்களைப் பற்றிய மற்றொரு சிக்கல் சட்டத்தின் வழியே வந்தது. கம்பியூசர்வ் நிறுவனம் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஜிஃப்’ படவடிவம் தொடக்ககால இணையத்தில் பெரிதும் வழங்கியது. அவ்வடிவத்தில் பயன்பட்ட சுருக்கமுறையின்மீது யூனிசிஸ் நிறுவனத்திற்குக் காப்புரிமை இருந்தது. அம்முறையைப் பயன்படுத்தும் மென்பொருள்களுக்கு உரிமக் கட்டணம் கோரப்படும் என்னும் அறிவிப்பு 1994ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் வெளியானது. அதுவரை பொதுச்சொத்து எனக் கருதிப் பயன்படுத்திவந்த வடிவம் ஒரு நிறுவனத்தின் உடைமை எனத் தெரியவந்தபோது நிரலர்களிடையே பெரும் சலசலப்பு எழுந்தது.

அதன் விளைவாகத் தோன்றியதே ‘பி.என்.ஜி.’ வடிவம். காப்புரிமைத் தடையற்ற ஒரு மாற்று வேண்டும் என்னும் நோக்கில் 1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தன்னார்வ நிரலர்கள் ஒன்றுகூடி அதனை வடிவமைக்கத் தொடங்கினர். 1996ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் அது உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் பரிந்துரையாயிற்று. யூனிசிஸின் அமெரிக்கக் காப்புரிமையோ 2003ஆம் ஆண்டு சூன் மாதத்தில்தான் காலாவதியானது.

இப்பாடம் கூட்டமைப்பின் கொள்கையிலும் பதிந்தது. 2001ஆம் ஆண்டில் வெளியான அதன் காப்புரிமைக் கொள்கை வரைவு, நியாயமான கட்டணத்தின் பேரில் உரிமம் வழங்கப்படும் நுட்பங்களும் தரங்களுள் இடம்பெற வழிவிட்டது. அதற்கெதிராக இணையச் சமூகத்திலிருந்து கடுமையான மறுப்புகள் வந்தன. இறுதியில், 2004ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்த கொள்கை, இணையத் தரங்கள் உரிமக் கட்டணமின்றி நிறைவேற்றத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்பதை அடிப்படையாகக் கொண்டது. ‘திறந்த தரம்’ என்னும் தொடர் இதனோடு சட்டப்பொருளும் பெற்றது. இனி வரும் எந்தப் பட நுட்பமும் இவ்வாயிலைக் கடந்தே தரத்தினுள் நுழைய முடியும்.

உள்ளடக்கம் அறிந்து குறுக்கும் முறை

2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் நடைபெற்ற ‘சிக்ராஃப்’ கணினி வரைகலை மாநாட்டில் ஷாய் அவிடன், ஆரியல் ஷமீர் ஆகிய இருவரும் தங்கள் ஆய்வை முன்வைத்தனர். அவிடன் மிட்சுபிஷி மின்னியல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்தவர். ஷமீர் இசுரேலின் எர்சிலியா நகரிலுள்ள உயர்கல்வி நிறுவனத்தைச் சார்ந்தவர். நாம் முன்னுரையில் கூறிய அதே குறைபாட்டிலிருந்துதான் அவர்களின் கட்டுரையும் தொடங்குகின்றது. பக்க அமைப்பும் எழுத்தும் திரைக்கேற்ப மாற எச்.டி.எம்.எல். இடந்தருகின்றது, படங்கள் மட்டும் விறைத்து நிற்கின்றன என்பதே அவர்களின் தொடக்கப் புள்ளி. ஆகவே, இணையப் பக்கம் அவர்களின் நோக்கிற்கு வெளியே இருந்ததன்று.

அவர்களின் முறையைச் சுருங்கக் கூறின் பின்வருமாறு அமையும். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அது தன் அண்டைப் புள்ளிகளிலிருந்து எவ்வளவு வேறுபடுகின்றது என்பதைக் கொண்டு ஒரு மதிப்பு கணிக்கப்படுகின்றது. வெறும் வானம், மணற்பரப்பு போன்ற இடங்களில் அம்மதிப்பு குறைவு. உருவங்களின் விளிம்புகளில் மிகுதி. பின்னர், படத்தின் மேல்விளிம்பிலிருந்து கீழ்விளிம்பு வரை, ஒவ்வொரு வரிசையிலும் ஒரே ஒரு புள்ளியைத் தொட்டுச் செல்லும் தொடர்ந்த பாதைகளுள் மொத்த மதிப்பு மிகக் குறைந்த பாதை கண்டறியப்படுகின்றது. அப்பாதையை நாம் ‘இழை’ எனலாம். துணியிலிருந்து ஓர் இழையை உருவுவதுபோல அதனை நீக்கினால் படம் ஒரு புள்ளி அகலம் குறையும். இவ்வாறு இழை இழையாக நீக்கிச் செல்கையில், முக்கியமான உருவங்கள் தம் அளவு மாறாமல் நெருங்கி வரும். இடையிலுள்ள வெறுமை மட்டும் குறையும். இழைகளை நீக்குவதற்கு மாறாக இரட்டித்துப் படத்தை அகலப்படுத்தவும் இம்முறை இடந்தருகின்றது.

மேலும், இழைகள் நீக்கப்பட வேண்டிய வரிசையை முன்னரே கணித்துப் படத்துடன் சேர்த்து வைத்தால், ஒரே கோப்பு எந்த அகலத்திற்கும் உடனுக்குடன் மாறவல்லதாகும் எனவும் அவர்கள் காட்டினர். ‘பல்லளவுப் படம்’ என்னும் இக்கருத்து இணையத்திற்கெனவே ஆக்கப்பட்டதுபோலத் தோன்றக்கூடியது.

இந்நுட்பம் விரைவில் புகழ்பெற்றது. அடோபி நிறுவனம் மிட்சுபிஷி ஆய்வுக்கூடத்திடமிருந்து உரிமம் பெற்று, 2008ஆம் ஆண்டில் வெளியிட்ட ஃபோட்டோஷாப் சி.எஸ். 4 மென்பொருளில் இதனைச் சேர்த்தது. கட்டற்ற மென்பொருளான ‘கிம்ப்’புக்கும் இதனை நிறைவேற்றும் ஒரு துணைநிரல் எழுதப்பட்டது. ஆயினும், இணையத்தின் குறிமொழியிலோ அதன் பாணித் தரங்களிலோ இது ஒரு கூறாக இடம்பெறவில்லை. படம் செம்மைப்படுத்துவோரின் மேசைக் கருவியாகவே இது நிலைத்தது.

சிறுதிரைகளின் வருகை

அவ்வாய்வு வெளியான அதே 2007ஆம் ஆண்டில் ஐபோன் விற்பனைக்கு வந்தது. அதன் திரை 320 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் கொண்டது. 2010ஆம் ஆண்டில் வந்த ஐபோன் 4, அதே பருமையுள்ள திரையில் 640 புள்ளி அகலத்தையும் 960 புள்ளி உயரத்தையும் அடக்கியது. 153,600 புள்ளிகள் இருந்த இடத்தில் 614,400 புள்ளிகள், அதாவது நான்கு மடங்கு. இதனால் திரையின் பருமையும் படத்திற்குத் தேவையான புள்ளிகளின் எண்ணிக்கையும் ஒன்றையொன்று சாராதனவாயின.

2010ஆம் ஆண்டு மே மாதம் ஈத்தன் மார்கோட் என்னும் வடிவமைப்பாளர், ஒரே பக்கம் எல்லாத் திரைகளுக்கும் நெகிழ்ந்து கொடுக்கும் வடிவமைப்பு முறையை விளக்கிக் கட்டுரை ஒன்று எழுதினார். அதில் படங்களுக்கு அவர் கூறிய வழி எளிது. படம் தன்னைத் தாங்கிய கட்டத்தின் அகலத்தை மீறாதபடி பாணி விதி ஒன்றை எழுதினால் போதும். உலாவி அதனைச் சுருக்கிக் காட்டும்.

கண்ணுக்கு இது தீர்வுதான். ஆயின் பயனாளரின் பணப்பைக்கு இது தீர்வன்று. 1600 புள்ளி அகலமும் 1200 புள்ளி உயரமும் உடைய படத்தில் 1,920,000 புள்ளிகள் உள்ளன. அதனை 320 புள்ளி அகலத் திரையில் சுருக்கிக் காட்டுவதற்குத் தேவைப்படுவன 76,800 புள்ளிகளே. ஆக, இருபத்தைந்தில் ஒரு பங்கைக் காட்டுவதற்காக முழுப்படமும் தருவிக்கப்படுகின்றது. எஞ்சியவை பயனாளரின் கைத்தொலைபேசிக்கு வந்து சேர்ந்து, கட்டணமும் பெற்று, கண்ணில் படாமலே கழிகின்றன. அக்காலத்துப் பக்கங்களின் மொத்த எடையில் பாதிக்கு மேற்பட்டது படங்களே என்பதைக் கருதினால் இவ்விரயத்தின் அளவு விளங்கும். அதற்குரிய செலவை ஏற்பவர் பக்கத்தை அமைத்தவரோ உலாவியை ஆக்கியவரோ அல்லர். மெதுவான இணைப்பில், அளவிட்ட கட்டணத்தில் வாசிக்கும் எளிய வாசகரே.

2011ஆம் ஆண்டு செப்டம்பரில் புதுவடிவம் பெற்ற ‘பாஸ்டன் குளோப்’ நாளிதழின் இணையத்தளம் இச்சிக்கலைத் தீர்க்க முயன்ற முதற்பெருந்தளங்களுள் ஒன்று. சிறிய படத்தை முதலில் குறித்துவிட்டு, திரை பெரிதாயின் துணைநிரல் ஒன்று அதனைப் பெரிய படமாக மாற்றும் வகையில் அதன் ஆக்குநர்கள் ஏற்பாடு செய்தனர். ஆயின், அதே காலத்தில் உலாவிகள் வேகத்தைக் கூட்டும் பொருட்டு, துணைநிரல்கள் இயங்கும் முன்னரே பக்கத்தின் மூலத்தை முன்னோக்கி வாசித்துப் படங்களைத் தருவிக்கத் தொடங்கின. இதனால் சிறுபடமும் பெரும்படமும் ஆகிய இரண்டும் வந்திறங்கும் நிலை ஏற்பட்டது. உலாவிக்கு வெளியே எழுதப்படும் எந்த உத்தியாலும் இச்சிக்கலைத் தீர்க்க இயலாது என்பதும் தெளிவாயிற்று. தரமே மாற வேண்டியிருந்தது.

ஈரணியின் மோதல்

2012ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பாஸ்டன் குளோப் பணியில் பங்கேற்ற மேட் மார்க்விஸ் முதலானோர், உலகளாவிய வலைக் கூட்டமைப்பின் கீழ்ச் சமூகக் குழு ஒன்றை அமைத்தனர். உறுப்புக் கட்டணமின்றி எவரும் சேரத்தக்க அத்தகைய குழுக்களுக்குக் கூட்டமைப்பு 2011ஆம் ஆண்டில்தான் இடமளித்திருந்தது. குழுவினர் ‘பிக்சர்’ என்னும் புதிய குறியை முன்வைத்தனர். ஒரு குறியினுள் பல மூலப்படங்களையும், ஒவ்வொன்றும் எந்தச் சூழலுக்கு உரியது என்னும் நிபந்தனையையும் எழுத அது வழிசெய்தது.

அக்காலத்தில் எச்.டி.எம்.எல். வரையறையை நடைமுறையில் எழுதிவந்தது, ஆப்பிள், மொசில்லா, ஓபரா ஆகியவற்றைச் சார்ந்தோர் 2004ஆம் ஆண்டில் தோற்றுவித்த பிறிதோர் அமைப்பு. 2012ஆம் ஆண்டு மே மாதம், ஆப்பிளைச் சேர்ந்த எட்வர்ட் ஓ’கானர் அவ்வமைப்பின்முன் வேறொரு முன்மொழிவை வைத்தார். புதுக்குறி வேண்டா, இருக்கும் ‘இமேஜ்’ குறியிலேயே ‘சோர்ஸ்செட்’ என்னும் பண்பு ஒன்றைச் சேர்த்து, அதில் பல படங்களின் பட்டியலைத் தந்தால் போதும் என்றது அது. வரையறையின் ஆசிரியரான இயன் ஹிக்சன் சில நாள்களுக்குள்ளேயே அதனை ஏற்று எழுதிவிட்டார். மாதக்கணக்கில் உழைத்த குழுவினரின் ‘பிக்சர்’ புறந்தள்ளப்பட்டது.

வடிவமைப்பாளர்கள் கொதித்தெழுந்தனர். அவர்களின் மனக்குறை இருவகைப்பட்டது. முறைபற்றியது ஒன்று: முரண்பாடு எழும்போது பயனாளரின் நலனை முதலிலும், பக்கம் எழுதுவோரின் நலனை அடுத்தும், உலாவி ஆக்குவோரின் நலனை அதற்கடுத்தும் கருத வேண்டும் என 2007ஆம் ஆண்டின் எச்.டி.எம்.எல். வடிவமைப்புக் கொள்கை வரைவு கூறியிருந்ததை அவர்கள் சுட்டிக்காட்டினர். பொருள்பற்றியது மற்றொன்று: ‘சோர்ஸ்செட்’டின் முதல் வடிவில் எழுதப்பட்ட எண்கள் படத்தின் அகலத்தைக் குறிப்பனபோலத் தோன்றினும் திரையின் அகலத்தையே குறித்தன, அது குழப்பம் தருவதாக இருந்தது.

எனினும், உலாவியாளர்களின் மறுப்பிலும் நியாயம் இருந்தது. பல உட்கூறுகளைக் கொண்ட புதுக்குறியை நிறைவேற்றுதல் கடினம். பழைய உலாவிகளில் அது எவ்வாறு தோன்றும் என்பதும் வினாவே. பின்னோக்கிக் காணுங்கால், இரு அணியினரும் இரு வேறு தேவைகளைப் பற்றிப் பேசினர் என்பது புலனாகின்றது. ஒன்று, ஒரே படத்தின் சிறிய, பெரிய படிகளுள் ஒன்றைத் தேர்தல். மற்றொன்று, சிறுதிரைக்கு வேறு விதமாக வெட்டிய படத்தையே தருதல். அகன்ற திரையில் கட்சிக் கூட்டம் முழுவதையும் காட்டும் செய்திப்படம், கைத்தொலைபேசியில் பேச்சாளரின் முகத்தை மட்டும் காட்ட வேண்டியிருக்கலாம். முதல் தேவையில் உலாவி முடிவுசெய்தல் நன்று. இரண்டாவதில் பக்கத்தின் ஆசிரியரே முடிவுசெய்ய வேண்டும்.

உடன்பாடும் உழைப்பும்

இவ்வேறுபாடு உணரப்பட்ட பின்னரே இணக்கம் பிறந்தது. 2013ஆம் ஆண்டு ஆகஸ்டில், திரையின் அடர்த்தியை மட்டும் கருதும் எளிய ‘சோர்ஸ்செட்’ வெப்கிட் இயந்திரத்தில் சேர்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கூகுளைச் சேர்ந்த டேப் அட்கின்ஸ், ஜான் மெல்லர் ஆகியோர் மூன்றாவது முன்மொழிவு ஒன்றை வைத்தனர். அது ஏற்கப்படவில்லை எனினும் அதன் சிந்தனை வீணாகவில்லை. 2013ஆம் ஆண்டின் இறுதியையும் 2014ஆம் ஆண்டின் தொடக்கத்தையும் ஒட்டி, ஓபராவைச் சேர்ந்த சைமன் பீட்டர்ஸின் எளிமையாக்கத்தால் ‘பிக்சர்’ மீண்டும் உயிர்பெற்றது. படத்தைக் காட்டும் பொறுப்பு 1993ஆம் ஆண்டின் ‘இமேஜ்’ குறியிடமே இருக்கும். அதனைச் சூழ்ந்து நிற்கும் ‘பிக்சர்’, எந்த மூலத்தை எடுப்பது என்பதை மட்டும் அதற்கு அறிவிக்கும். இதனால் நிறைவேற்றம் எளிதாயிற்று. பழைய உலாவிகளும் உள்ளிருக்கும் படத்தைக் காட்டின. ‘சோர்ஸ்செட்’டும் இதனுள் இணைந்தது; அதன் எண்களும் இப்போது படத்தின் உண்மையான அகலத்தையே குறித்தன. பக்க அமைப்பைக் கணிக்கு முன்பே உலாவி தேர்வுசெய்ய வேண்டியிருந்தமையால், படம் பக்கத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைத் தெரிவிக்கும் ‘சைசஸ்’ என்னும் பண்பும் சேர்க்கப்பட்டது.

ஆயின் சொல் மட்டும் போதாது, நிரல் வேண்டும். இதனைக் குரோமின் இயந்திரத்தில் எழுதும் பணியைப் பெருமளவு மேற்கொண்டவர் யோவ் வைஸ் என்னும் தனித்தியங்கிய நிரலர். அவர் தம் முழுநேரத்தையும் இப்பணிக்கு அளிக்கும் பொருட்டு 2014ஆம் ஆண்டில் வடிவமைப்பாளர்களும் நிறுவனங்களும் நன்கொடை திரட்டித் தந்தனர். உலாவியின் ஒரு கூறு அதனால் பயன்பெறுவோரின் சிறுதொகைகளால் எழுதப்பட்டது அரிய நிகழ்ச்சியாகும். 2014ஆம் ஆண்டு அக்டோபரில் குரோம் 38, 2015ஆம் ஆண்டு மே மாதம் ஃபயர்ஃபாக்ஸ் 38, அவ்வாண்டு நவம்பரில் மைக்ரோசாஃப்டின் எட்ஜ் 13, 2016ஆம் ஆண்டு மார்ச்சில் சஃபாரி 9.1 என முதன்மை உலாவிகள் அனைத்தும் ‘பிக்சர்’ குறியை ஏற்றன. 2016ஆம் ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் வெளியான எச்.டி.எம்.எல். 5.1 பரிந்துரையில் இவை முறையாக இடம்பெற்றன.

இருவழிகளின் ஒப்பீடு

இனி நம் வினாவுக்கு வருவோம். இழை நீக்கும் முறை ஏன் வெளியே நின்றது? காப்புரிமையே காரணம் எனக் கூறிவிடுதல் எளிது. 2004ஆம் ஆண்டின் கொள்கை இருந்த நிலையில், ஒரு நிறுவனத்தின் உரிமத்திற்கு உட்பட்ட நுட்பம் தரத்தினுள் நுழைவது அரிது என்பது உண்மையே. ஆயினும் அது ஒன்றே முழு விடையாகாது.

முதலாவது, அம்முறை யாருடைய செலவையும் குறைக்கவில்லை. இழைகளைக் கண்டறிய முழுப்படமும் பயனாளரின் கருவியில் இருந்தாக வேண்டும். பல்லளவுப் படமாயின், படத்துடன் இழைவரிசையும் சேர்ந்து கோப்பு மேலும் பெருக்கும். தோற்றச் சிக்கலைத் தீர்க்கும் அது, சுமைச் சிக்கலைத் தீர்க்காது. 2010ஆம் ஆண்டுக்குப் பின்னர் இணையத்தை வருத்தியதோ சுமைச் சிக்கலே.

இரண்டாவது, தரம் என்பது எந்த உலாவியிலும் ஒரே விளைவைத் தருமாறு வரையறுக்கப்பட வேண்டும். புள்ளிகளின் மதிப்பைக் கணிக்கும் சூத்திரம் சற்று மாறினாலும் நீக்கப்படும் இழை மாறும். நுட்பத்தை மேம்படுத்த முனையும் ஒவ்வொரு முயற்சியும் ஒப்புமையைக் குலைக்கும். தரமாக உறையவைத்தாலோ நுட்பம் வளராது.

மூன்றாவதே ஆழமானது. இழை நீக்கம் படத்தின் பொருளை அறியாது. வேறுபாட்டின் அளவை மட்டும் அறியும். மனித முகங்களிலும் கட்டடங்களின் நேர்க்கோடுகளிலும் அது பிழைபடுவதுண்டு என்பதனாலேயே, காக்கப்பட வேண்டிய பகுதிகளை மனிதர் குறித்துத் தரும் வசதியும் அதில் இருந்தது. செய்திப்படத்தில் இருவருக்கிடையே இருந்த தொலைவைக் குறைத்துக் காட்டுவது வெறும் அளவு மாற்றமன்று, சான்றையே மாற்றுவதாகும்.

இதற்கு எதிராக, தரமாகிய ஏற்பாட்டின் அமைப்பைக் காண்க. படத்தின் எந்தப் படிகள் உள்ளன என்பதை ஆசிரியர் அறிவார். அதனை அவர் விவரிக்கின்றார். திரையின் அகலம், அடர்த்தி, இணைப்பின் நிலை ஆகியவற்றை உலாவி அறியும், அது தேர்ந்தெடுக்கின்றது. ஒரே படத்தின் பல அளவுகளுள் எதனை எடுப்பது என்னும் முடிவை வரையறை உலாவிக்கே விட்டுவிடுகின்றது. படத்தின் பொருள் மாறும் இடத்திலோ, ஆசிரியரின் நிபந்தனைக்கு உலாவி கட்டுப்பட்டாக வேண்டும். அறிந்தவர் அறிந்ததைக் கூறுதல், முடிவுசெய்ய வல்லவர் முடிவுசெய்தல் என்னும் இப்பங்கீட்டிலேயே அதன் அறிவுநுட்பம் அடங்கியுள்ளது.

இவ்வேற்பாட்டிற்கும் குறைகள் உண்டு. ஒவ்வொரு படத்திற்கும் பல படிகளை ஆக்கி, நீண்ட குறிகளை எழுதுவது தனியொருவருக்குப் பெருஞ்சுமை. பக்கத்தின் தோற்றம் பற்றிய செய்தியை ‘சைசஸ்’ வாயிலாக உள்ளடக்கத்தில் எழுத நேர்ந்தது கோட்பாட்டளவில் ஒரு பின்னடைவும்கூட. முதற்குறையைப் பதிப்பு மென்பொருள்கள் தணித்தன: 2015ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த வேர்ட்பிரஸ் 4.4, மேற்குறித்த சமூகக் குழுவினரின் பங்களிப்புடன், இப்பணியைத் தானே செய்யத் தொடங்கியது. இரண்டாவது குறைக்கு, பார்வைக்கு நெருங்கும்போது மட்டும் ஏற்றப்படும் படங்களின் அளவை உலாவியே கணித்துக்கொள்ளும் வழி பின்னாளில் தரத்தில் சேர்க்கப்பட்டது.

தமிழுக்குரிய செய்தி

தமிழாசிரியர்க்கு இவ்வரலாறு அயலானதன்று. கணினிகளில் தமிழ் எழுத்துருக்கள் பரவாத தொடக்க ஆண்டுகளில், தமிழ் எழுத்தையே படமாக்கிப் பக்கத்தில் பதித்த வழக்கம் நம்மிடையே இருந்தது. எழுத்துக்குரிய நெகிழ்வை இழந்து, தேடவும் இயலாமல், படத்தின் விறைப்பை அது ஏற்றுக்கொண்டது. அந்நிலையிலிருந்து நாம் மீண்டதும் ஒரு பொதுத் தரத்தின் வழியேதான். இந்திய அரசின் 1988ஆம் ஆண்டுக் குறியீட்டை அடியொற்றி 1991ஆம் ஆண்டில் யூனிகோடில் தமிழ் இடம்பெற்ற முறைபற்றித் தமிழறிஞரிடையே நெடுங்காலம் மனக்குறை நிலவியதை நாம் அறிவோம். 1997ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் கூடிய தமிழிணைய மாநாடும், 2000ஆம் ஆண்டில் உருவான உத்தமம் அமைப்பும், முடிவெடுக்கும் அவையில் நமக்கும் இடம் வேண்டும் என்னும் உணர்வின் வெளிப்பாடுகளே.

இன்று வேர்ட்பிரஸ் கொண்டு இயங்கும் ஒரு தமிழ்ப்பள்ளியின் தளம், தன் ஆண்டுவிழாப் படங்களைக் கைத்தொலைபேசிக்குரிய அளவில் பெற்றோருக்கு அனுப்புகின்றது. அத்தளத்தை நடத்தும் ஆசிரியர் இவ்வரலாற்றை அறிந்திருக்கத் தேவையில்லை. அவர் எவரிடமும் உரிமம் கோரவும் தேவையில்லை. பொதுத் தரம் என்பதன் பயன் இதுவே. ஆயின் ஓலைச்சுவடிகளையும் பழம்பதிப்புகளையும் படங்களாக்கி இணையத்தில் ஏற்றுவோர் இதனை அறிந்திருத்தல் நன்று. சுவடியின் முழு ஏட்டைச் சிறுதிரையில் சுருக்கிக் காட்டினால் எழுத்துப் புலப்படாது. எந்தப் பகுதியை எடுத்துக் காட்டுவது என்பதைச் சுவடியியல் அறிந்தவரே முடிவுசெய்ய இயலும். அம்முடிவை எழுதிவைக்கத் தரம் இடந்தருகின்றது.

முடிவுரை

1993ஆம் ஆண்டில் ஒரு மாணவ நிரலரின் முன்மொழிவாக நுழைந்த படம், ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே எழுத்தைப்போலத் திரைக்கேற்ப நெகிழும் தகுதியைத் தரத்தின் வாயிலாகப் பெற்றது. அத்தகுதியை அளித்தது, கூடியிருந்த நுட்பங்களுள் மிகக் கூர்மையானது அன்று. உரிமத் தடையற்றது, வாசகரின் செலவைக் குறைப்பது, முடிவெடுக்கும் பொறுப்பை உரியவரிடம் ஒப்படைப்பது, பயன்பெறுவோரே முன்வந்து உழைக்கத்தக்கது என்னும் நான்கும் ஒருங்கமைந்த எளிய ஏற்பாடே அதனை அளித்தது.

கணினியே படத்தையும் எழுத்தையும் ஆக்கித்தரும் இக்காலத்தில், உள்ளடக்கம் அறிந்து செயற்படும் நுட்பங்கள் மேலும் பல வரும். அவற்றுள் எவை தமிழ்க் கல்விக்குரிய பொதுச்சொத்தாகும், எவை சிலரின் கருவிகளாகவே நிற்கும் என்பதை அவற்றின் திறனை மட்டும் கொண்டு கணிக்க இயலாது. மேற்கூறிய நான்கு வினாக்களையும் அவற்றின்முன் எழுப்புவது நம் கடமை. விடை வகுக்கப்படும் அவைகளில் நாமும் அமர்ந்திருப்பது அதனினும் இன்றியமையாத கடமை.